மன்னார்குடியில் அப்பாவின் மோடம்

2003 டிசம்பர் பள்ளி விடுமுறைக்கு மூன்று வாரம் மன்னார்குடியில் இருந்தேன். சிங்கப்பூரிலிருந்து சென்னை, கோயம்பேட்டில் இரவு பஸ், விடியும்போது வீடு. வழக்கமாக ஊருக்குப் போனால் பட்டா, வீட்டு வரி என்று ஏதாவது வேலை காத்திருக்கும். இந்த முறை நானாகவே ஒரு வேலை வைத்துக்கொண்டு போனேன்: தொலைபேசிக் கம்பி வழியாக டயல் செய்து இணையும் அப்பாவின் இணைய இணைப்பு.

அப்பா ஓய்வு பெற்ற தமிழாசிரியர். ஒன்றரை வருடத்துக்கு முன் ஒரு கணினி வாங்கி, முரசு அஞ்சல் என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருளைப் போட்டு, தமிழிலேயே கடிதம் எழுதப் பழகிக்கொண்டார். வாரம் தவறாமல் மின்னஞ்சல் வரும். ஹரித்ரா நதி என்ற கோயில் குளத்தில் தண்ணீர் எந்தப் படி வரை ஏறியிருக்கிறது, கோயிலில் என்ன உற்சவம் என்று எல்லாம் இருக்கும். ஆகஸ்டுக்குப் பிறகு அது மாதம் ஒன்றானது. தீபாவளிக்குப் பிறகு நின்றே போனது. ஃபோனில் கேட்டால், "நெட் ரொம்ப இழுக்குதுப்பா, விட்டுட்டேன்" என்றார். அந்தக் கடிதங்கள் இல்லாமல் போனது எனக்குப் பெரிய குறை.

போன அன்று மாலையே உட்கார்ந்து பார்த்தேன். கணினியைத் தொலைபேசிக் கம்பியோடு இணைக்கும் மோடம் டயல் செய்தது, கீச்சென்றும் கரகரவென்றும் சத்தம் போட்டது, இணைந்தது. திரையின் மூலையில் இருந்த இரட்டைக் கணினிப் படத்தில் வேகம் நொடிக்கு 1,15,200 பிட் என்று காட்டியது. ஆனால் ஒரு பக்கம் திறக்க மூன்று நிமிடம். நொடிக்கு ஒரு கிலோபைட் வந்தாலே அதிகம். "நம்பர் பெருசாத்தானே இருக்கு, அப்ப கோளாறு நெட் கம்பெனி பக்கம்தானே?" என்றார் அப்பா.

இந்த எண்ணைப் பார்த்து ஏமாந்தவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள் என்பதால் இதைக் கொஞ்சம் விளக்குகிறேன். 1,15,200 என்பது கணினிக்கும் மோடத்துக்கும் நடுவில் உள்ள வேகம். தொலைபேசிக் கம்பியில் போகும் வேகம் அது இல்லை. கம்பியில் 56 கே (56,000) மோடம் எதுவும் அந்த வேகத்தைத் தொட முடியாது. கம்பியின் உண்மையான வேகத்தைச் சொல்லாமல் இந்த எண்ணைக் காட்டினால், பெரும்பாலும் மோடத்தை இயக்கும் மென்பொருளான டிரைவரில் ஏதோ சரியில்லை என்று அர்த்தம். உண்மையான எண்ணைப் பார்க்க ஒரு வழி உண்டு. கண்ட்ரோல் பேனலில் மோடத்தின் அமைப்புகளுக்குள் போய், கூடுதல் கட்டளைக்கான கட்டத்தில் டபிள்யூ2 (W2) என்று எழுதி மறுபடி டயல் செய்ய வேண்டும். எல்லா மோடத்துக்கும் இது பொருந்தாது, அப்பாவின் மோடத்துக்குப் பொருந்தியது. வந்த எண் 14,400.

கோளாறு லைனிலா, கணினியிலா என்று முதலில் பிரித்துவிட வேண்டும். இதற்குக் கருவி எதுவும் வேண்டாம். ஃபோனை எடுத்து ஏதாவது ஒரு எண்ணை மட்டும் அழுத்தினால் டயல் டோன் நின்றுவிடும். அதன்பின் சில நொடி அமைதியாக இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் அமைதி இல்லை, எண்ணெய்ச் சட்டியில் அப்பளம் பொரிவது போல இரைச்சல். பேசும்போது நம் காது அதைப் பொறுத்துக்கொள்ளும். மோடம் பொறுத்துக்கொள்ளாது, தெளிவு கிடைக்கும் வரை வேகத்தைக் குறைத்துக்கொண்டே போகும்.

முதலில் வீட்டுக்குள் இருந்ததைச் சரிசெய்தேன். கூடத்தில் ஒரு ஃபோன், பின் அறையில் அதே லைனில் ஒரு பேரலல் ஃபோன், அங்கிருந்து கணினிக்கு எலெக்ட்ரீஷியன் இழுத்த ஒரு தட்டை ஒயர். அந்த ஒயர் டியூப் லைட் ஒயரோடு ஒரே பட்டையில் ஓடியது. எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, கம்பி வீட்டுக்குள் நுழையும் இடத்தில் இருக்கும் முதல் பெட்டியிலேயே மோடத்தை இணைத்தேன். 24,000 வந்தது. இரைச்சல் பாதியாகக் குறைந்தது, ஆனால் போகவில்லை. மீதி வெளியில் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு புகார் பதிவு செய்தோம்.

மூன்றாம் நாள் காலை லைன்மேன் வந்தார். ஐம்பது வயதிருக்கும், சைக்கிளில் கயிறும் ஏணியும். நான் மோடம், வேகம் என்று ஆரம்பித்தேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "மழை பெஞ்சா கூடுதா தம்பி?" ஆமாம் என்றதும் நேராகத் தாழ்வாரத்து ஓட்டுக்குக் கீழே ஏணியைச் சாத்தினார். கம்பத்திலிருந்து வரும் ஒயரும் வீட்டு ஒயரும் அங்கே முறுக்கி டேப் சுற்றப்பட்டிருந்தன. டேப்பைப் பிரித்தால் உள்ளே செம்புக் கம்பி பச்சையாகப் பூத்திருந்தது. "வெயில் அடிச்சாலும் இது காயாது தம்பி, உள்ள தண்ணி நிக்கும்" என்றார். இரண்டு பக்கமும் வெட்டி, புதுச் செம்பு தெரியும் வரை சுரண்டி, மறுபடி இணைத்து, தண்ணீர் இறங்காதபடி ஒயரைக் கீழே ஒரு வளைவு விட்டுக் கட்டினார். பிறகு கம்பத்துப் பெட்டியிலும் திருகுகளை இறுக்கிவிட்டு வந்தார். அரை மணி நேர வேலை. ஃபோனை எடுத்து எண்ணை அழுத்தினால் நிசப்தம். இவ்வளவு நிதானமாக, காரணத்தையும் சொல்லி வேலை செய்பவரைப் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது. அம்மா காபி கொடுத்தார். பணம் கொடுத்தபோது வாங்கவில்லை.

மறுபடி டயல் செய்தோம். 31,200. அப்பாவுக்கு அதுவே போதும். எனக்குப் போதவில்லை, காரணம் அந்த எண்ணிலேயே இருந்தது. மோடம்கள் பேசிக்கொள்ளும் முறைகளில் பழையதான வி.34-இல் வேகங்கள் 2,400-இன் மடங்குகளாகவே வரும்: 24,000, 26,400, 28,800, 31,200, உச்சம் 33,600. 1998-இல் வந்த வி.90 முறை வேறு படிகளில் ஏறும்: 44,000, 45,333, 46,667 என்று. எண்ணைப் பார்த்தே மோடம் எந்த முறையில் பேசுகிறது என்று சொல்லிவிடலாம். தொலைபேசி நிலையம் நடந்து போகும் தூரம், லைன் இப்போது சுத்தம், மோடம் 56 கே. இருந்தும் வி.90-க்குப் போக மறுத்தது என்றால் மிச்சமிருந்தது டிரைவர்தான்.

அப்போதுதான் அப்பா ஒரு விஷயம் சொன்னார். ஆகஸ்டில் வைரஸ் வந்து, வாங்கிய கடையிலேயே ஃபார்மட் செய்து விண்டோஸ் 98 மறுபடி போட்டார்களாம். கடிதங்கள் குறையத் தொடங்கியது அந்த மாதம்தான். ஐப்பசி மழையில் லைனும் கெட்டதும் முழுதாக நின்றுவிட்டது. இரண்டு கோளாறு ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்திருந்தன.

கடைக்குப் போனேன். வேலை பார்த்த பையன் மரியாதையானவன், ஆனால் மோடத்தோடு வந்த டிரைவர் சிடி அவனிடமும் இல்லை. "மோடம்னா எல்லாம் ஒண்ணுதான் சார், இந்த சிடியில எது ஏறுதோ அதைப் போடுவோம்" என்று ஒரு சிடியைக் கொடுத்தான். அதில் நாற்பது கோப்புறைகள், எது எதற்கு என்று ஒரு குறிப்பும் இல்லை. மோடம் எல்லாம் ஒன்று என்பதை நான் ஒத்துக்கொள்ளவில்லை. அப்போது கணினிக்குள் பொருத்தி விற்ற மலிவு மோடம் கார்டுகளில் சிக்னல் வேலையைச் செய்யத் தனி மூளை கிடையாது. அந்த வேலையைக் கணினியின் செயலியே டிரைவர் வழியாகச் செய்தது. கார்டு வெறும் வாயும் காதும் மாதிரி. ஆகவே டிரைவர்தான் மோடம். அதே சிப் குடும்பத்தில் வேறொரு கார்டுக்கு எழுதிய டிரைவர் ஏறும், டயல் செய்யும், இணையும், ஆனால் ஒழுங்காக ஓடும் என்று எந்த உறுதியும் இல்லை. இப்படி அரைகுறையாக ஓடுவது மொத்தமாக ஓடாமல் இருப்பதைவிட மோசம், ஏனென்றால் யாரும் டிரைவரைச் சந்தேகிக்க மாட்டார்கள்.

கார்டில் அதைத் தயாரித்தவர் பெயரே இல்லை. பெட்டியைத் திறந்து கார்டைக் கழற்றி, டார்ச் அடித்து, பெரிய சிப்பின் மேல் இருந்ததைப் படித்தேன்: கொனெக்ஸன்ட் என்ற சிப் கம்பெனியின் பெயர், அதன் கீழ் ஒரு நீளமான எண். அதை அப்படியே தாளில் எழுதிக்கொண்டேன். பெட்டியைத் திறக்கத் தயங்குபவர்களுக்கு வேறு வழி உண்டு. விண்டோஸ் 98-இல் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் ரிஜிஸ்ட்ரியைத் திறந்து Enum என்ற கிளைக்குள் பிசிஐ (PCI) என்ற இடத்தைப் பார்த்தால் ஒவ்வொரு கார்டின் அடையாள எண்ணும் இருக்கும். 14எஃப்1 என்று இருந்தால் கொனெக்ஸன்ட். 127ஏ என்றால் ராக்வெல், அதாவது 1999-இல் கொனெக்ஸன்ட் பிரிந்து வந்த தாய்க் கம்பெனி. 11சி1 என்றால் லூசன்ட் என்ற இன்னொரு சிப் கம்பெனி. அடுத்து வரும் நான்கு எழுத்து சிப்பின் ரகம். இந்த இரண்டும் கையில் இருந்தால் தேடுவது எளிது. மோடம் வந்த அட்டைப் பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்ட பெயரை வைத்துத் தேடினால் மாதக் கணக்கில் சுற்றலாம்.

இணைப்பே மெதுவாக இருக்கும்போது டிரைவரை எங்கே இறக்குவது? பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்தேன். சிப் எண்ணை வைத்துத் தேடியதும் இருபது நிமிடத்தில் கிடைத்தது, சிப் தயாரித்தவர்களே கொடுத்த பொது டிரைவர், 1.2 எம்பி. ஒரே ஃப்ளாப்பி வட்டில் அடங்கியது. ஆனாலும் இரண்டு ஃப்ளாப்பியில் எடுத்து வந்தேன், அது நல்லதாகப் போனது. முதலாவது வீட்டுக் கணினியில் பாதியில் நின்றுவிட்டது.

புதியதை அப்படியே மேலே போட்டால் வேலைக்கு ஆகாது. பழைய மோடத்தை டிவைஸ் மேனேஜரில் நீக்கிவிட்டு, விண்டோஸ் கோப்புறைக்குள் ஐஎன்எஃப், அதற்குள் அதர் என்ற இடத்தில் கிடக்கும் பழைய டிரைவரின் குறிப்புக் கோப்பையும் அகற்ற வேண்டும். இல்லாவிட்டால் மறுபடி ஆன் செய்ததும் விண்டோஸ் யாரையும் கேட்காமல் அதே தவறான டிரைவரைப் போட்டுக்கொள்ளும். எனக்கு முதல் முறை அப்படித்தான் ஆனது. இரண்டாம் முறை அதை நீக்கிவிட்டு, ஃப்ளாப்பியைக் காட்டி, நாடு என்ற இடத்தில் இந்தியாவைத் தேர்ந்தெடுத்தேன். முன்பு அங்கே அமெரிக்கா என்று இருந்தது. நடுவில் விண்டோஸ் சிடியைக் கேட்கும், அதையும் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். டயல்-அப் அமைப்பில் இணையத்துக்கு வேண்டிய டிசிபி/ஐபி தவிர மற்ற நெட்வொர்க் முறைகளில் இருந்த குறியையும் எடுத்துவிட்டேன். இணைந்த பிறகு கடவுச்சொல் சரிபார்க்க எடுக்கும் நேரம் அதனால் குறைந்தது.

44,000.

கோப்பு இறங்கும் வேகம் நொடிக்கு ஐந்து கிலோபைட்டுக்குக் கொஞ்சம் கீழே. சிங்கப்பூர் அகலப்பட்டைக்குப் பக்கத்தில் இது ஒன்றுமில்லைதான். ஆனால் நேரத்துக்குக் காசு கட்டிய அப்பாவுக்கு ஒரு மணி நேர வேலை கால் மணி நேரத்தில் முடிந்தது. அன்று இரவு அவர் பினாங்கில் இருக்கும் அக்காவுக்கு இரண்டு படத்தோடு கடிதம் அனுப்பினார். ஐந்து நிமிடத்தில் போய்விட்டது. ஏற்றும் வேகம் வி.90-இலும் 33,600-க்கு மேல் போகாது, அதனால் படங்களைச் சிறிதாக்கி அனுப்பச் சொல்லிக் கொடுத்தேன்.

சிப் எண், டிரைவர் பெயர், நீக்க வேண்டிய கோப்பு எல்லாவற்றையும் அப்பா ஃபோன் நம்பர் எழுதும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொண்டார். நல்ல ஃப்ளாப்பியைக் கவரில் போட்டுக் கணினிப் பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டிவைத்தோம். இடி இடித்தால் தொலைபேசி ஒயரை மோடத்திலிருந்து பிடுங்கிவிடச் சொல்லிவைத்தேன், அம்மா அதைக் கவனித்துக்கொண்டார்.

புறப்படுவதற்கு முந்தின நாள் அந்தக் கடைக்கு மறுபடி போனேன். என்ன செய்தேன் என்று சொன்னதும் பையன் ஒரு தாளை எடுத்துக் குறித்துக்கொண்டான். "அதே கார்டு நாலு வீட்டுக்குப் போட்டிருக்கோம் சார், எல்லாரும் ஸ்லோன்னுதான் சொல்றாங்க" என்றான். ஃப்ளாப்பியின் நகல் ஒன்றைக் கொடுத்துவிட்டு வந்தேன். பிறகு வந்த அப்பாவின் கடிதத்தில் ஹரித்ரா நதி நிரம்பியதற்குக் கீழே ஒரு வரி இருந்தது: கடைக்காரப் பையன் மூன்று வீட்டில் மாற்றிவிட்டானாம், நாலாவது வீட்டில் சிப் வேறாம், எண்ணை எழுதி அனுப்பியிருக்கிறான், தேடித் தர முடியுமா என்று.