நாலு வருசமா ஒரு குரூப் 'என்' (Group N) ரேலி கார்: டேம்பருக்கு ஒரு கும்புடு, ரோல் கேஜ் மேல தீராத கோவம்

நேத்து பொழுதோட தான் வண்டிய பட்டறைல இருந்து எடுத்துட்டு வந்தேனுங்க. கணபதில இருந்து சரவணம்பட்டி வர்ற வரைக்கும் கண்ணுல பட்ட குழி, ஸ்பீட் பிரேக்கர், சாக்கடை மூடி ஒண்ணையும் விடல, வேணும்னே ஏத்தி எறக்கி பாத்தேன். சத்தம் இல்ல. நாலு வருசமா என் வலது காலுக்கு பக்கத்துல இருந்து டிக் டிக்னு கேட்டுட்டே இருந்த அந்த சத்தம் இல்லவே இல்ல. வீட்டு முன்னாடி நிறுத்திட்டு எறங்காம கொஞ்ச நேரம் அப்படியே உக்காந்திருந்தேன், சந்தோசத்துல இல்லைங்க, ஆத்திரத்துல.

இன்னிக்கு காலைல பாத்து எங்க மாப்ள பொள்ளாச்சில இருந்து போன் பண்றான். "மச்சான், ஈரோட்டுல ஒரு பழைய ரேலி வண்டி விலைக்கு வருது, குரூப் 'என்' ரூல்படி கட்டுனதுன்னு சொல்றாங்க, தார் ரோட்டு செட்டப்பாம், எடுக்கலாமா?"ங்கறான். போன்ல சொல்லி தீராதுன்னு தான் இதை எழுதறேன், அவனுக்கும் சரி, இதே ரோசனைல இருக்கற மத்தவங்களுக்கும் சரி.

என்னோடது 1.6 லிட்டர் பெட்ரோல் செடான். எந்த கம்பெனின்னு சொல்லல, ஏன்னா கம்பெனி செஞ்சு குடுத்த எதுலயும் எனக்கு குறை இல்ல. இன்ஜின், கியர்பாக்ஸ், பாடி எல்லாம் ஷோரூம்ல வந்த மாதிரியே இருக்கும், குரூப் 'என்'ங்கற ரேலி வகுப்புக்கு அர்த்தமே அது தானுங்க. உலக மோட்டார் ஸ்போர்ட் அமைப்பான எஃப்ஐஏவோட ரூல் புத்தகம் அப்பெண்டிக்ஸ் ஜேல 254வது ஆர்ட்டிகிள் இதுக்குன்னே இருக்கு. மொத்தத்தையும் ரெண்டு வரில சொல்லலாம். செய்யலாம்னு எழுதாத எதையும் செய்யக்கூடாது. செய்யலாம்னு சொன்ன வேலைய சாக்கா வெச்சு, செய்யக்கூடாத வேலைய உள்ள நுழைக்கக்கூடாது.

மொத வருசம் இந்த ரெண்டாவது வரிய படிச்சிட்டு எனக்கு அப்படி ஒரு எரிச்சல். செட்டிபாளையம் டிராக்ல மூணாவது ரவுண்டுலயே பிரேக் பெடல் தரைக்கு போகுது, பெரிய காலிப்பர் போடலாம்னா கூடாது, டிஸ்க் மாத்தலாம்னா கூடாது, பேட் மட்டும் எந்த மெட்டீரியல் வேணா போட்டுக்கோ, ஆனா டிஸ்க்ல உரசற பரப்பு கூடக்கூடாதுங்கறான். ரப்பர் ஹோஸுக்கு பதிலா ஸ்டீல் பின்னல் போட்ட ஹோஸ் போட்டுக்கலாம். சரின்னு நல்ல பேடு, அந்த ஹோஸு, புது பிரேக் ஆயில் மூணும் போட்டேன். அடுத்த தடவை பன்னெண்டு ரவுண்டு, பெடல் மொத ரவுண்டுல இருந்த எடத்துலயே நிக்குது. நான் பாட்டுக்கு ஒரு லட்சத்துக்கு காலிப்பர் வாங்க இருந்தேன், ரூல் தான் என் காச காப்பாத்துச்சு.

இப்ப டேம்பர், அதான் ஷாக் அப்சார்பர், கதைக்கு வர்றேன், இதை பத்தி விடிய விடிய பேசுவேன். ரூல் என்ன சொல்லுதுன்னா ஸ்பிரிங் உன் இஷ்டம், டேம்பர் எந்த கம்பெனியும் போட்டுக்கோ, ஆனா எத்தனை டேம்பர் இருந்துச்சோ அத்தனை தான், என்ன டைப்போ அதே டைப்பு, எங்க மாட்டியிருந்துச்சோ அங்க தான் மாட்டணும். நான் வாங்கும்போது மண்ணு ரோட்டுக்கான செட்டப் இருந்துச்சு, நம்ம பக்கத்து ரேலி பெரும்பாலும் மண்ணு தானே, வண்டி ஒசரமா ஆடு மாதிரி நிக்கும். கீழ இன்ஜினுக்கு அடில ஒரு கெட்டியான சம்ப் கார்டு வேற. ரேலிக்கு மட்டும் தான் அந்த பிளேட்டுக்கு அனுமதி, அதுவும் நெசமாவே பாதுகாப்புக்குன்னு இருக்கணும். தார் ரோட்டுக்கு அது சும்மா சுமை, கழட்டி எடை போட்டா 22 கிலோ. அதை எடுத்துட்டு, ஸ்பிரிங்க எறக்கி, அட்ஜஸ்ட் பண்ற டேம்பர் நாலும் போட்டேன்.

அதுக்கப்பறம் ஒரு ஞாயித்துக்கெழம விடியக்காலைல ஆழியார் தாண்டி வால்பாறை ஏறுனேன். வேகமா எல்லாம் போகலைங்க, ஊரு ரோடு அது, நாப்பதுக்கு மேல தொடல, ஒம்பதாவது கொண்டை ஊசில லோம்ஸ் வியூ பாயிண்ட்டுக்கு கிட்ட வரையாடு ரோட்டுலயே நிக்கும். அந்த நாப்பதுலயே தெரிஞ்சுச்சு. வளைவுல மழைத்தண்ணி அரிச்ச பள்ளம் ஒண்ணு வரும், பழைய செட்டப்புல சக்கரம் அதுல எறங்குனா ஸ்டீரிங்க கைல இருந்து புடுங்கும், இப்ப சக்கரம் மட்டும் எறங்கி ஏறிருச்சு, பாடி அசையல, கைக்கு ஒரு சின்ன தட்டு தான் வந்துச்சு, யாரோ தோள்ல தட்டி பள்ளம் வருதுன்னு சொன்ன மாதிரி. நாப்பது வளைவும் ஏறி முடிச்சு மேல போயி டீ குடிக்கறப்ப எனக்கு கண்ணு கலங்கிருச்சு. கம்பெனி மாட்டுன அதே போல்ட் ஓட்டைல, அதே எடத்துல, ஒரு எடத்தையும் வெட்டாம ஒட்டாம இதை செய்ய முடியும்னு நான் நெனைக்கவே இல்ல.

அப்பறம் தான் இந்த மாதிரி ரூல் எவ்வளவு முக்கியம்னு தேடி படிச்சேன். குரூப் 'பி'ன்னு ஒரு வகுப்பு இருந்துச்சு, 200 வண்டி செஞ்சா போதும், ரேலிக்குன்னே பொறந்த மிருகங்க. 1986 மே மாசம் டூர் டி கோர்ஸ்ல, பிரான்சுக்கு கீழ கோர்சிகா தீவு, முழுக்க மலைப்பாதை, தார் ரோடு, அங்க ஹென்ரி தொய்வோனனும் கோ டிரைவர் செர்ஜியோ கிரெஸ்டோவும் லான்சியா டெல்டா எஸ்4ல வளைவுல வெளிய போயி வண்டி தீப்பிடிச்சு செத்துட்டாங்க. அந்த வருசத்தோட குரூப் பி முடிஞ்சுது, 1987ல இருந்து ஆயிரக்கணக்குல வித்த வண்டிய வெச்சு கட்டற குரூப் ஏ தான் மேல் வகுப்பு. தார் ரோட்டுல பிடிமானம் எச்சு, வேகம் எச்சு, ஆனா தப்பு பண்ணுனா மரமும் பள்ளமும் ரோட்டை ஒட்டியே நிக்கும். ஆஸ்திரேலியால டார்கா டாஸ்மேனியான்னு தார் ரோட்டு ரேலி, 1992ல இருந்து நடந்துச்சு, 2021ல மூணு பேரு, 2022ல ஒருத்தர் செத்த பொறவு நிறுத்தி வெச்சு, வண்டியோட வேகத்துல இருந்து எல்லாத்தையும் மறுபடி ரோசனை பண்ணுனாங்க.

ஏமாத்துனவங்களும் உண்டுங்க. 1995 கேட்டலோன்யா ரேலி, அதுவும் தார் ரோடு தான், டொயோட்டா டீம், டர்போவுக்கு போற காத்த கட்டுப்படுத்தற ரெஸ்ட்ரிக்டர தாண்டி கூடுதல் காத்து உள்ள போற மாதிரி செஞ்சு மாட்டிக்கிட்டாங்க. கழட்டி பாத்தா எல்லாம் ஒழுங்கா இருக்கற மாதிரி தெரியும், மாட்டுனா தான் வழி தெறக்கும், அப்படி ஒரு வேலைப்பாடு. பன்னெண்டு மாசம் தடை. முன்னாடி இதை படிக்கறப்ப ஒரு சுவாரசியமா படிச்சேன். இப்ப அப்படி படிக்க முடியல, ஏன்னா அதே மாதிரி வேலை என் காலுக்கடியிலயே நடந்திருக்கு.

கேஜுக்கு வர்றேன். ரோல் கேஜுன்னா வண்டி உருண்டாலும் உள்ள இருக்கறவங்க நசுங்காம இருக்க உள்ள மாட்டற இரும்பு பைப்பு கூண்டு, அதுக்கு 253வது ஆர்ட்டிகிள். மெயின் வளையத்துக்கு இணைப்பில்லாத கார்பன் ஸ்டீல் பைப்பு, 45 எம்எம் விட்டம் 2.5 எம்எம் கனம், இல்லன்னா 50க்கு 2. வளைக்கறது சூடு பண்ணாம வளைக்கணும். போல்ட் போட்டு மாட்டற கேஜ்னா கூண்டோட ஒவ்வொரு காலுக்கு கீழயும் பாடியோட வெல்டு பண்ணுன பிளேட் இருக்கணும், கொறஞ்சது 3 எம்எம் கனம், 120 சதுர சென்டிமீட்டர் பரப்பு. போல்ட் மூணு, எம்8, 8.8 கிரேடு. இது அழகுக்கு எழுதுனது இல்ல. வண்டி உருண்டா மொத்த வெயிட்டும் அந்த காலு வழியா தான் தரைக்கு எறங்கும், பிளேட் சின்னதா இருந்தா காலு தகரத்த பொத்துட்டு கீழ போயிரும், மேல வளையம் நல்லா இருந்து என்ன பிரயோசனம்.

என் வண்டிய வாங்கும்போது மேல இருந்து பாத்தா எல்லாம் கச்சிதம். பைப்பு சரி, போல்ட் தலைல 8.8ன்னு இருக்கு, பெயிண்ட் பளபளன்னு இருக்கு. போட்டிக்கு முன்னாடி வண்டிய சோதிக்கற ஸ்க்ரூட்டினிய மூணு தடவை தாண்டியிருக்கு. சத்தம் மட்டும் வாங்குன கொஞ்ச நாள்லயே ஆரம்பிச்சுது. ஸ்ட்ரட் மவுண்ட் மாத்துனேன், லிங்க் ராடு மாத்துனேன், பால் ஜாயிண்ட், கண்ட்ரோல் ஆர்ம் புஷ், ஸ்டீரிங் ரேக்க கூட கழட்டி பாத்தாச்சு, நாப்பதாயிரம் போச்சு. காச விடுங்க. ஒவ்வொரு வளைவுலயும் அந்த டிக் கேக்கறப்ப டேம்பர் நல்லா இருக்கான்னு சந்தேகம் வந்துரும், இத்தனை ஆசையா போட்ட டேம்பரோட சுகத்தை முழுசா அனுபவிக்க விடலைங்க. நாலு வருசம்.

போன வாரம் ஒரு சின்ன பட்டறைக்கு போனேன், ரேலி வண்டி செய்யற எடம் கூட இல்ல, லேத் ஒண்ணும் வெல்டிங் செட் ஒண்ணும் வெச்சிருக்கற எடம். அங்க வேலை பழகற பையன், பதினெட்டு பத்தொம்பது வயசிருக்கும், தரைப்பாய தூக்கிட்டு உள்ள தலைய விட்டு படுத்துக்கிட்டான். வெளிய ரெண்டு பேரு வண்டிய புடிச்சு ஆட்டுறோம். அவன் கேஜோட முன்தூணு காலு மேல கட்டை விரல வெச்சு அசையாம இருந்தான். "அண்ணா, இங்க கை வெச்சு பாருங்க"ன்னான். வெச்சேன். மசுரிழை அளவு, அவ்வளவு தான், ஆனா அசையுது. போல்ட்ட சுத்தி செம்மண் பொடி மாதிரி ஒரு தூளு, இரும்பும் இரும்பும் உரசி உரசி வந்த துரு. இடுக்கு அளக்கற ஃபீலர் கேஜ்ல 0.05 எம்எம் தகட்ட விட்டான், வெண்ணெய்ல கத்தி எறங்கற மாதிரி காலுக்கும் தரைக்கும் நடுவுல போயிருச்சு.

பெயிண்ட்ட சொரண்டுனா கீழ பிளேட் 2 எம்எம். அளந்தோம், எட்டுக்கு ஒம்பது, 72 சதுர சென்டிமீட்டர். நாலு பக்கமும் வெல்டு இருக்க வேண்டியதுக்கு ரெண்டு பக்கம் பொட்டு வெச்ச மாதிரி ரெண்டு டேக் வெல்டு, மத்த எடத்துல பட்டி பூசி வழிச்சு, வெல்டு மாதிரியே கோடு இழுத்து பெயிண்ட் அடிச்சிருக்காங்க. மத்த அஞ்சு காலும் ஒழுங்கா இருக்கு. இந்த ஒண்ணு மட்டும் ஏன்? பக்கத்துல ஒயரிங் கட்டு போகுது, அதை கழட்டி வெல்டு பண்ண ரெண்டு மணி நேரம் எச்சா ஆகும். ரெண்டு மணி நேரத்த மிச்சம் புடிக்க, ஓட்டறவன் உக்கார்ற பக்கத்து காலை ஏமாத்தியிருக்காங்க. என் பொண்ண பக்கத்துல உக்கார வெச்சு டிராக்ல ரெண்டு ரவுண்டு மெதுவா போனேங்க ஒரு நாள், இந்த கேஜ் இருக்குன்னு தைரியத்துல.

இப்ப 3 எம்எம் பிளேட், 12க்கு 11, சுத்தியும் முழு வெல்டு, புது எம்8 போல்ட் மூணு, 25 நியூட்டன் மீட்டர்ல முறுக்கி மார்க் போட்டாச்சு. ரெண்டு நாள் வேலை, 6,500 ரூபா. அந்த பையனுக்கு தனியா ஆயிரம் குடுத்தேன், வாங்க மாட்டேன்னான், சட்டைப்பைல வெச்சிட்டு வந்தேன்.

கேஜ் சரியா இருந்தாலும் தினப்படி ஓட்டறதுக்கு இது ஆகாதுங்க. கதவு பக்கத்து குறுக்கு கம்பிய தாண்டி உள்ள எறங்கணும், எங்கம்மா ஒரு தடவை கூட இதுல உக்காந்தது இல்ல. அதை விட பெரிய விசயம், தலைக்கு பக்கத்துல இரும்பு பைப்பு. அதுக்கு மேல சுத்தற எஃப்ஐஏ 8857-2001 ஸ்டேண்டர்டு டைப் ஏ பேடிங் ஹெல்மெட் போட்ட தலைக்குன்னு செஞ்சது. ரோட்டுல யாரு ஹெல்மெட் போட்டு கார் ஓட்டறாங்க? சின்னதா ஒரு இடி வாங்குனா கூட வெறும் மண்டை அதுல தான் போய் மோதும். சட்டமும் இருக்கு, மோட்டார் வாகன சட்டம் 52வது பிரிவு, அனுமதி இல்லாம வண்டிய மாத்துனா 182ஏ படி மாத்துன ஒவ்வொண்ணுக்கும் 5,000 ரூபா அபராதம், ஆறு மாசம் வரைக்கும் ஜெயிலும் போடலாம். சீட்டுக்கும் பெல்ட்டுக்கும் காலாவதி தேதி உண்டு, எஃப்ஐஏ 8855-1999 ஸ்டேண்டர்டு சீட்டு தயாரிச்சதுல இருந்து அஞ்சு வருசம் தான், நான் வாங்குனப்ப பெல்ட்டு லேபிள்ல இருந்த வருசம் எப்பவோ முடிஞ்சிருந்துச்சு, அப்ப எனக்கு பாக்கவே தெரியல.

மாப்ள, ரூல் தப்பில்ல, வண்டி தப்பில்ல, அந்த டேம்பரோட ஒரு தடவை மலை ஏறுனா வேற வண்டி புடிக்காது. ஆனா நீ எடுக்காத. ரூல்படி கட்டுனதுங்கறது மேல இருந்து பாத்து சொல்ற வார்த்தை, கீழ என்ன இருக்குன்னு கட்டுனவனுக்கு மட்டும் தான் தெரியும். நேத்து ராத்திரி இருந்த ஆத்திரத்துக்கு என்னோடதையே வித்துரலாம்னு நெனச்சேன். இன்னிக்கு காலைல போயி ஸ்டார்ட் பண்ணி, அந்த காலு மேல கைய வெச்சு பாத்தேன், அசைவே இல்ல. விக்க மாட்டேன்.

நீ எப்படியும் ஈரோட்டுக்கு போவ, எனக்கு தெரியும். தனியா போகாத, ஞாயித்துக்கெழம நானும் வர்றேன். ஃபீலர் கேஜும் டார்ச்சும் நான் எடுத்துட்டு வர்றேன், நீ போன் பண்ணி தரைப்பாய கழட்டி வெக்க சொல்லிரு. கழட்ட மாட்டேன்னு சொன்னா அங்கயே வேண்டாம்னு சொல்லிரு, பெட்ரோல் மிச்சம்.