காந்தக் கதவு அக்ரிலிக் பெட்டி: ஃபிடிப்பஸுக்கு ஒத்துவருமா?

அமெரிக்காவில் குதிக்கும் சிலந்தி வளர்ப்பவர்களை நம்பி பல பெயர்களில் விற்கும் பெட்டி இது. 4 அங்குல அகலம், 4 அங்குல ஆழம், 8 அங்குல உயரம். நிறமற்ற அக்ரிலிக், காந்தத்தில் ஒட்டும் முன்கதவு, மூடிமேல் ஒரு எல்.இ.டி. விளக்கு, உள்ளே பிளாஸ்டிக் கொடி, ஸ்பாஞ்ச் வைத்த தண்ணீர்த் தட்டு. 20 முதல் 40 டாலருக்குள் கிடைக்கும். பார்க்க அழகு. ஆனால் உள்ளே குடியிருக்கப் போகிறது ஃபிடிப்பஸ் என்ற குதிக்கும் சிலந்தி. அதன் பழக்கத்தை வைத்துத்தான் பெட்டியை எடைபோட வேண்டும்.

ஃபிடிப்பஸ் பேரினத்தில் அறுபதுக்கும் மேற்பட்ட இனங்கள், பெரும்பாலும் வட அமெரிக்காவைச் சேர்ந்தவை. வீடுகளில் அதிகம் வளர்ப்பது ஃப்ளோரிடா பக்கத்து ஃபிடிப்பஸ் ரீஜியஸ். வளர்ந்த பெண் சராசரியாக 15 மி.மீ., பெரியது 22 மி.மீ. வரை. வலை பின்னி இரைக்குக் காத்திருக்கும் சாதி இல்லை. பகலில் கண்ணால் பார்த்து, பதுங்கி, பாய்ந்து பிடிக்கும். இரவில் உறங்கவும், தோலுரிக்கவும், முட்டையிடவும் மட்டும் நூலால் ஒரு பை நெய்துகொள்ளும். அந்தப் பையைப் பெரும்பாலும் உயரத்தில், ஏதாவது ஒரு மூலையை ஒட்டியே கட்டும்.

இந்தப் பெட்டியின் பெரிய கோளாறு இங்கேதான். கதவு அடியிலிருந்து உச்சிவரை முழு நீளத்துக்கு இருக்கிறது. சிலந்தி கூரையும் கதவும் சேரும் விளிம்பில் பையைக் கட்டினால், கதவைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் பை கிழியும். சாதாரண நாளில் திரும்ப நெய்துவிடும். நூல் முழுக்கப் புரதம் என்பதால் அதற்கு அது செலவுதான். தோலுரிக்கும் சமயத்தில் கிழிந்தால் கதை வேறு. பழைய தோலிலிருந்து கால்களை உருவிக்கொண்டிருக்கும்போது ஆட்டம் கண்டால் கால் சிக்கும், உயிரே போகலாம். பை திடீரென்று தடித்து, சிலந்தி சாப்பிடாமல் உள்ளேயே முடங்கினால் தோலுரிப்பு நெருங்குகிறது என்று பொருள். பெரிய சிலந்திக்கு இது ஒன்று முதல் மூன்று வாரம்வரை இழுக்கும். அதுவரை கதவில் கைவைக்காதீர்கள்.

கீழ் மூன்றில் இரண்டு பங்கு மட்டும் திறந்து, மேல் பங்கு அசையாமல் இருக்கும் மாதிரியும் விற்கிறது. சில டாலர் கூடுதல் என்றாலும் அதைத்தான் வாங்க வேண்டும். முழுக்கதவுப் பெட்டி ஏற்கெனவே கையில் இருந்தால், பின்சுவரின் உச்சியில் ஒரு கார்க் பட்டையை அடைகொடுத்து, அந்த மூலைக்கு வெளிப்புறம் கறுப்புத்தாள் ஒட்டுங்கள். இருண்ட இடுக்கு கிடைத்தால் பெரும்பாலும் அங்கேதான் கட்டும். கொடியைக் கதவுப் பக்கம் தொங்கவிடுவது நாமே கிழிப்பதற்கு ஏற்பாடு செய்வது போல.

கதவை மூடிவிட்டு, விளிம்பில் ஒரு கிரெடிட் கார்டை நுழைத்துப் பாருங்கள். அட்டையின் தடிமன் 0.76 மி.மீ. அது உள்ளே போனால் 2, 3 மி.மீ. நீளக் குஞ்சுகள் வெளியே வந்துவிடும். குஞ்சுகளுக்கு இந்தப் பெட்டியே வேண்டாம்; இத்தனை இடத்தில் இரை ஒரு பக்கம், சிலந்தி ஒரு பக்கம் என்று ஆகிவிடும். நாலைந்து முறை தோலுரிக்கும்வரை 60 மி.லி. பிளாஸ்டிக் குவளை போதும். அதையும் தலைகீழாக, மூடி அடியில் வரும்படி வையுங்கள். பை மேலே இருக்கும், நீங்கள் கீழே திறக்கலாம்.

காந்தம் சில பெட்டிகளில் தேவைக்கு மேல் வலுவானது, விரல் எடுத்ததும் படாரென்று அடையும். நடுவில் கால் மாட்டினால் சிலந்தி அதை உதறிவிட்டுப் போகும். இளம் சிலந்திக்கு அடுத்தடுத்த தோலுரிப்பில் கால் முளைக்கும். முதிர்ந்தது இனித் தோலுரிக்காது, போனது போனதுதான்.

காற்றோட்டம் சுமார். துளைகள் மூடியில் மட்டுமே இருப்பதால் தண்ணீர் தெளித்த ஈரம் அடியில் தேங்கிப் பூஞ்சை பிடிக்கும். எதிரெதிர்ச் சுவர்களில், ஒன்றில் தாழ்வாகவும் மற்றதில் உயரமாகவும் 1 மி.மீ. துளைகள் போட்டால் சரியாகும். அதைவிடப் பெரிதாகப் போட்டால் இரையாக விடும் பழ ஈக்கள் சமையலறைக்குக் குடிபெயரும். பெட்டி புதிதாக வந்தால் ஒட்டுக் கரைப்பானின் வாடை போகும்வரை திறந்து போட்டுவிட்டுச் சிலந்தியை விடுங்கள்.

கூடவே வரும் ஸ்பாஞ்சைக் குப்பையில் போடலாம். கிருமி வளர்வதற்குத்தான் அது உதவும். ஃபிடிப்பஸ் சுவரில் நிற்கும் துளிகளைக் குடிக்கும். ஒருநாள் விட்டு ஒருநாள், பை இல்லாத பக்கச் சுவரில் லேசாகத் தெளித்தால் போதும். தண்ணீர் விஷயத்தில் அசட்டை கூடாது. இதன் பாய்ச்சல் உடல் திரவத்தைக் கால்களுக்குள் அழுத்தி நீட்டுவதால் வருவது. நீர் வற்றினால் வயிறு சுருங்கும், கால் மடங்கும், குதிப்பு நின்றுபோகும்.

எல்.இ.டி. உண்மையிலேயே பயனுள்ளது. இருட்டறையில் வைத்த சிலந்தி வேட்டைக்கே வராது. நாளுக்கு 10, 12 மணி நேர வெளிச்சம் வேண்டும். ஆனால் விளக்கு பையின் நேர்மேலே இருக்கிறது, தொட்டுப் பார்த்துச் சூடாக இருந்தால் சற்று உயர்த்தி வையுங்கள். 24 முதல் 28 டிகிரி செல்சியஸ் இதற்கு இதம். ஜன்னல் வெயிலில் மட்டும் வைக்காதீர்கள், அக்ரிலிக் பெட்டி நிமிடங்களில் கொதித்துவிடும்.

பின்சுவரில் கண்ணாடி ஒட்டிய ‘அலங்கார’ வகையைத் தவிர்த்துவிடுங்கள். முன்னிரண்டு பெரிய கண்களின் விழித்திரையை ஆறு தசைகள் நகர்த்துகின்றன. பக்கக் கண்கள் அசைவைக் கவனிக்கின்றன. இவ்வளவு பார்வை உள்ள பிராணி கண்ணாடியில் தெரிவது இன்னொரு சிலந்தி என்றே நினைத்து, முன்கால்களைத் தூக்கி மிரட்டும். இரண்டு பெட்டிகளை அருகருகே வைத்தால் நடுவில் ஓர் அட்டையைச் செருகச் சொல்வதும் இதனால்தான்.

இரை போடும் சின்னத் துளை, தக்கையோடு, பக்கவாட்டில் கீழே இருக்கிறது. நல்ல யோசனை. ஈயைக் கதவு திறக்காமலே விடலாம். வளர்ந்த பெண்ணுக்கு மூன்று நாளைக்கொரு பெரிய ஈ போதும். இரை அதன் வயிற்றைவிடப் பெரிதாக வேண்டாம். சில்வண்டு போட்டால் தின்னாததை மறுநாளே எடுத்துவிடுங்கள். தோலுரிக்கும் சிலந்தியை அது கடித்துவிடும்.

தமிழ்நாட்டுச் சுவர்களில் ஈக்குப் பதுங்கும் பிளெக்ஸிப்பஸ் என்ற குதிக்கும் சிலந்தியைப் பிடித்து அடைக்க இந்தப் பெட்டியைத் தேடுபவர்களுக்கு: காசை மிச்சப்படுத்துங்கள். அதற்கு உங்கள் சுவரே போதும்.

துடைக்கும்போது ஆல்கஹாலும் கண்ணாடி துடைக்கும் திரவமும் ஆகாது; அக்ரிலிக்கில் நுண்விரிசல் விழும். வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த மென்துணி போதும், எச்சக் கறைக்குச் சற்று நேரம் ஊறவிட வேண்டும்.