மூன்று ஆண்டுகள் கையாண்ட டைல் கட்டரும் நிலைத்து நிற்காத அதன் அளவுத் தடுப்பும்

திருச்சியில் வீட்டு மாடியைச் சீரமைத்துக்கொண்டிருக்கும் என் அண்ணன் மகன், “சித்தப்பா, நீங்கள் வைத்திருக்கும் கை டைல் கட்டரையே நானும் வாங்கலாமா?” என்று சென்ற வாரம் கேட்டான். அதற்கு இரண்டு நாள் முன்புதான் அதன் வண்டியில் (வெட்டும் சக்கரத்தைத் தாங்கி முன்னும் பின்னும் நகரும் பகுதி) தேய்ந்துபோன இரண்டு பேரிங்குகளை மாற்றியிருந்தேன். அவனுக்குத் தொலைபேசியில் அரைகுறையாகச் சொன்னதை இங்கே முழுமையாக எழுதுகிறேன்.

600 மி.மீ. நீளம் வரை வெட்டக்கூடிய, மின்சாரம் தேவைப்படாத சாதாரணக் கருவி இது. குளியலறைச் சுவர், சமையலறை மேடையின் பின்சுவர், பின்கட்டுத் தரை ஆகிய மூன்று வேலைகளையும் இதைக் கொண்டே செய்தேன். முன்பு கூடத்துக்குத் தரை போட்டபோது வேலைக்கு வந்தவர்கள் மார்பிள் கட்டரால் உலர் நிலையிலேயே அறுத்தார்கள். நிமிடத்துக்குப் பன்னிரண்டாயிரம் சுற்றுக்கு மேல் ஓடும் அந்த பிளேடு கிளப்பிய வெண்புழுதி அலமாரித் துணிமணிகள் வரை படிந்தது; இழுப்பு உள்ள என் தாயாரைப் பத்து நாள் அக்காள் வீட்டில் தங்கவைக்க நேர்ந்தது. டைலில் உள்ள சிலிக்கா நுண்துகளைத் தொடர்ந்து சுவாசிப்பவர்களுக்குச் சிலிகோசிஸ் என்னும் தீராத நுரையீரல் நோய் வரக்கூடும் என்பதால், முகத்தில் துண்டு மட்டும் கட்டிக்கொண்டு நாள் முழுவதும் அறுக்கும் தொழிலாளர்களை நினைத்து இப்போதும் மனம் பதைக்கிறது.

கை கட்டரில் அந்தப் புழுதி கிடையாது. டங்ஸ்டன் கார்பைடு சக்கரத்தை டைலின் பளபளப்பான மேற்பரப்பில் ஒரே சீரான அழுத்தத்துடன் ஒரு முறை தள்ளினால் மெல்லிய வெள்ளைக் கோடு விழும். பிறகு கைப்பிடியை அழுத்தினால் ‘டக்’ என்ற ஒற்றை ஓசையுடன் டைல் இரண்டாகும். கோடு மங்கலாக இருக்கிறதே என்று இரண்டாம் முறை இழுத்தால் விரிசல் தடம் மாறி ஓரம் சில்லு சில்லாகப் பேர்ந்துவிடும் என்பதை நான்கு டைல்களை வீணாக்கிய பிறகே கற்றேன். சுவருக்கான செராமிக் டைல் இதற்கு மிக எளிதாக இணங்கும். இறுகிய உடல்கொண்ட விட்ரிஃபைட் டைலுக்கோ சக்கரம் புதிதாக இருக்க வேண்டும். தாயார் அடுத்த அறையில் உறங்கிக்கொண்டிருந்த இரவுகளிலும் நான் வெட்டியிருக்கிறேன். இந்த ஒன்றுக்காகவே கொடுத்த ரூ.3,800 தகும் என்று பல நாள் எண்ணியதுண்டு.

ஆனால் இதன் அளவுத் தடுப்பை என்னால் மன்னிக்க முடியவில்லை. டைலைச் சாய்த்து வைக்கும் அந்த அலுமினியச் சட்டத்தை ஒரே ஒரு கைத்திருகுதான் பிடித்திருக்கிறது. மூலைமட்டம் வைத்துச் சரிபார்த்து இறுக்கும்போதே, அந்த இறுக்கத்தாலேயே மறுமுனை மயிரிழை நகர்ந்துவிடுகிறது. கால் பாகை பிசகினாலும் 600 மி.மீ. நீளத்தில் இரண்டரை மில்லிமீட்டருக்கு மேல் கோணல் வந்துவிடும், டைல்களுக்கு இடையே சீரான இடைவெளிக்காக 2 மி.மீ. ஸ்பேசர் துண்டு வைத்த இணைப்பில் அதை மறைக்க இயலாது. பேரிங் தேய்மானம்தான் காரணம் என்று நம்பி மாற்றினேன். வண்டி இப்போது துளியும் ஆடாமல் ஓடுகிறது, கோணல் மட்டும் அப்படியே இருக்கிறது. சமையலறை மேடைக்கு மேலே ஒரு பட்டை இடப்புறம் அகன்றும் வலப்புறம் குறுகியும் நிற்பது, காலையில் காபிக்குப் பால் வைக்கும்போதெல்லாம் என் கண்ணில் படுகிறது. ஒவ்வொரு டைலுக்கும் இரு முனையிலும் பென்சிலால் குறித்து, தடுப்பைக் கழற்றிவிட்டு, குறியைச் சக்கரத்துக்கு நேராக வைத்து வெட்டுவதே இன்று வரை என் வழக்கம். அப்படியானால் அந்தத் தடுப்புக்கு எதற்காக விலை கொடுத்தேன்?

தண்ணீர் போகும் ஜாலிக்காக ‘எல்’ வடிவில் வெட்டுவதும், குழாய்க்குத் துளையிடுவதும், ஓர் அங்குலத்துக்குக் குறைவான பட்டையை உடைப்பதும் இதன் வேலை அல்ல என்பதை நான் குறையாகக் கருதவில்லை. அவற்றுக்குக் கிரைண்டரில் விளிம்பு இடைவெளியற்ற டைமண்ட் பிளேடு மாட்டி, தண்ணீர் தெளித்தபடி வெட்டவெளியில் அறுத்துக்கொள்ளலாம்.

அண்ணன் மகனிடம் இந்த மாடலை வாங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கை கட்டர்தான் வேண்டுமென்றால், தடுப்பு இரு முனையிலும் திருகால் பிடிக்கப்பட்டிருக்கும் வகையாகத் தேடச் சொன்னேன். கடைக்கு ஒரு மூலைமட்டமும் நான்கு உடைந்த டைல்களும் எடுத்துச் செல்ல வேண்டும். தடுப்பைக் கழற்றிக் கழற்றி இறுக்கி நான்கையும் வெட்டிப் பார்த்து, நான்கும் மூலைமட்டத்துக்குச் சரியாக வந்தால் மட்டுமே பணம் கொடுக்க வேண்டும்.