சீட் பாதி, ஷார்ட்ஸ் பாதி

சைக்கிளில் நெடுந்தூரம் போகிறவர்கள் பலரும் "எந்த சீட் வாங்கலாம்?" என்று ஒரு நாள் கேட்கிறார்கள், "எந்த ஷார்ட்ஸ் வாங்கலாம்?" என்று இன்னொரு நாள் கேட்கிறார்கள். நாலைந்து வருஷமாக இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டு ஓட்டியதில் நான் கண்டது, சீட்டும், உட்புறம் பேட் என்ற மெத்தை தைத்த சைக்கிள் ஷார்ட்ஸும் சேர்ந்துதான் ஒரு மெத்தை. ஒன்றில் மெத்தை ஏறினால் இன்னொன்றில் குறைய வேண்டும். இரண்டிலும் ஏற்றினால் உடம்புக்குத் தொந்தரவுதான்.

என் ஓட்டம் பெரும்பாலும் சென்னையிலிருந்து போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையான ஈ.சி.ஆரில். வார இறுதியில் விடிவதற்கு முன் கிளம்பி மாமல்லபுரம் போய்த் திரும்புவது, எப்போதாவது புதுச்சேரி, வருஷத்தில் ஒன்றிரண்டு 200 கிலோமீட்டர் பி.ஆர்.எம். (குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் ஓட்டம்). எடை 78 கிலோ. ரோடு பைக், ஹேண்டில்பார் சீட்டைவிடக் கொஞ்சம் தாழ்வு. இதையெல்லாம் சொல்வதற்குக் காரணம் உண்டு: குனிந்து ஓட்டுபவருக்குச் சரியாக இருப்பது நிமிர்ந்து ஓட்டுபவருக்குச் சரிவராது.

முதலில் போட்டிருந்தது அகலமான ஜெல் சீட். கடையில் அமுக்கிப் பார்த்தால் விரல் உள்ளே போகும். முதல் ஒரு மணி நேரம் சொகுசாகவே இருந்தது. 40 கிலோமீட்டர் தாண்டியதும் கதை வேறு. உட்காரும்போது நம் எடையைத் தாங்க வேண்டியவை இடுப்பின் அடியில் இருக்கும் இரண்டு எலும்பு முனைகள். மெத்தென்ற சீட்டில் அவை அமிழ்ந்துவிடும். அமிழ்ந்த அளவுக்கு நடுப்பகுதி மேலே எழும்பி, நரம்பும் ரத்தக் குழாயும் ஓடும் இடத்தை அழுத்தும். மரத்துப்போவது அதனால்தான். அதன்மேல் தடிமனான பேட் வைத்த ஷார்ட்ஸும் சேர்ந்தால் உட்காரும் இடமே நிலையில்லாமல் பக்கவாட்டில் நகரும். நிமிடத்துக்கு 80 சுற்று மிதித்தால் மணிக்கு 4,800 சுற்று. ஒவ்வொரு சுற்றுக்கும் துளி நகர்ந்தாலும் தோல் உரிந்துவிடும்.

ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். புது சீட்டில் எலும்பு பதியும் இடத்தில் முதல் சில வாரம் வலிப்பது இயல்பு. மரத்துப்போவது இயல்பல்ல. அதைப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்ளவே கூடாது. உடனே எழுந்து நின்று மிதியுங்கள், வீட்டுக்கு வந்ததும் சீட்டின் சாய்வையும் அகலத்தையும் சரிபாருங்கள். அப்படியும் தொடர்ந்தால் மருத்துவரைப் பாருங்கள்.

அகலத்தை வீட்டிலேயே அளக்கலாம். மடிப்பு மடிப்பான அட்டைப்பெட்டித் துண்டு ஒன்றைக் கெட்டியான ஸ்டூலில் போட்டு, வண்டியில் குனிவது போலக் குனிந்து சிறிது நேரம் உட்காருங்கள். இரண்டு குழி விழும். ஒன்றின் மையத்திலிருந்து மற்றதன் மையத்துக்கு எனக்கு 122 மில்லிமீட்டர் வந்தது. குனிந்து ஓட்டினால் அதோடு 20 மில்லிமீட்டர் போலக் கூட்டிக்கொள்ளலாம், நிமிர்ந்து ஓட்டினால் இன்னும் கொஞ்சம் அதிகம். நான் வாங்கியது 145 மில்லிமீட்டர், நடுவில் பள்ளம் விட்டது. கட்டைவிரலால் அழுத்தினால் லேசாகத்தான் இறங்கும். ஓரங்களில் தோல் பளபளத்துவிட்டது, ஃபோம் மட்டும் வாங்கிய அன்று போலவே இருக்கிறது.

சீட் கெட்டியானதும் ஷார்ட்ஸின் வேலை தெளிவாகிவிட்டது: உராய்வைக் குறைப்பது, ரோட்டின் அதிர்வை வாங்கிக்கொள்வது, வியர்வையை வெளியேற்றுவது. முதலில் வாங்கிய மலிவு ஷார்ட்ஸின் பேட், பார்க்க இரண்டு விரல் தடிமன். ஆனால் ஸ்பாஞ்சு. சென்னைப் புழுக்கத்தில் வியர்வையைக் குடித்துக் கனத்துவிடும், காயாது. சில மாதத்திலேயே எலும்பு பதியும் இடம் தட்டையாகிவிட்டது. இப்போது போடுவது தோள்பட்டி வைத்த பிப் ஷார்ட்ஸ். பேட் தடிமன் குறைவு, அடர்த்தி அதிகம், அதுவும் எலும்பு பதியும் இடத்தில் மட்டும். தோள்பட்டி இழுத்துப் பிடிப்பதால் பேட் நகர்வதில்லை. இயற்கை அழைப்புக்கு ஒதுங்கும்போது கழற்றி மாட்டுவதுதான் சிரமம், அதற்கு வழியில்லை.

வாங்கும்போது பேட்டை இரு விரலுக்கிடையில் வைத்து அழுத்துங்கள். விரல்கள் ஏறக்குறைய ஒட்டிக்கொண்டால், எலும்பும் சீட்டும் அப்படித்தான் ஒட்டும். தடிமனைப் பார்த்து ஏமாற வேண்டாம். உள்ளே ஜட்டி போடக் கூடாது. அதன் தையல்தான் முதலில் அறுக்கும். 100 கிலோமீட்டருக்கு மேல் என்றால் தொடை இடுக்கில் க்ரீம் தடவிக்கொள்கிறேன். தேங்காய் எண்ணெய் நம் வெயிலில் சீக்கிரம் வடிந்துவிடுகிறது. வீடு வந்ததும் கழற்றி அலசி, உட்புறம் வெளியே வர நிழலில் காயப்போட வேண்டும். துணியை மிருதுவாக்கும் திரவம் வேண்டாம்.

நண்பர் ஒருவர் இதற்கு நேர் எதிர்க் கோடியில் இருக்கிறார். டூரிங் வண்டி, ஹேண்டில்பார் உயரம், சீட் ப்ரூக்ஸ் பி17. 170 மில்லிமீட்டருக்கும் குறையாத அகலம், இழுத்துக் கட்டிய கெட்டித் தோல். அடியில் ஃபோமே கிடையாது. மாதக்கணக்கில் ஓட்ட ஓட்ட அந்தத் தோல் அவர் உடம்புக்கேற்பக் குழிந்துவிட்டது. பேட் இல்லாத சாதா அரைக்கால் சட்டையில் நாள் முழுக்க ஓட்டுகிறார். ஐப்பசி, கார்த்திகை மழையில் மட்டும் சீட்டுக்கு உறை போட்டுக் காப்பாற்ற வேண்டியிருக்கிறது. அவருடைய சமநிலை அது. ஆபீசுக்குப் பத்து கிலோமீட்டருக்குள் பேன்ட் போட்டு நிமிர்ந்து ஓட்டுபவருக்குக் கொஞ்சம் மெத்தென்ற அகல சீட்டே போதும், பேட் ஷார்ட்ஸுக்குச் செலவு செய்யத் தேவையில்லை.

சீட் உயரம் தப்பாக இருந்தால் எவ்வளவு விலை கொடுத்தும் பயனில்லை. அதிக உயரமென்றால் பெடல் கீழே போகும்போதெல்லாம் இடுப்பு ஆடும், அந்த ஆட்டம்தான் புண். சீட்டின் மூக்கை, அதாவது முன்முனையை, ரொம்பக் கீழே சாய்த்தால் எடை உள்ளங்கைக்குப் போய்விடும். நான் மட்டமாக வைத்து, அங்கிருந்து துளித் துளியாகத்தான் சாய்த்தேன். ஒரு மாற்றம் செய்தால் இரண்டு மூன்று ரைடாவது ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்தது.

இப்போது என் பிப் ஷார்ட்ஸின் பேட் லேசாகத் தளர ஆரம்பித்திருக்கிறது. சீட்டைத் தொடப் போவதில்லை. அதே அளவு, அதே மாடல் ஷார்ட்ஸ் ஒன்று வாங்கி, அடுத்த 200 கிலோமீட்டர் பி.ஆர்.எம்முக்கு முன் மாமல்லபுரம் வரை சில தடவை ஓட்டிப் பழக்கிக்கொள்ளப் போகிறேன்.