கண்ணாடி மாறியது, ஓதம் சுவருக்குப் போனது: தி ஹேக் ட்ரான்ஸ்வாலில் வாடகைக் குடித்தனம்

நண்பர் ஒருவர் கேட்டிருந்தார்: "ட்ரான்ஸ்வாலில் முதல் மாடியில் ஒரு வீடு வருகிறது, வாடகையும் கைக்கு அடக்கமாக இருக்கிறது, எடுக்கலாமா?" ஒரே வரியில் பதில் சொல்ல முடியவில்லை. நெதர்லாந்தின் தி ஹேக் நகரில் இருக்கும் அதே பேட்டையில், அதே மாதிரி வீட்டில் எனக்கு நான்கு குளிர்காலம் கழிந்திருக்கிறது. போன வாரம்தான் குளியலறையில் காற்றை வெளியே இழுக்கும் விசிறியை மாட்டிவிட்டுப் போனார்கள். சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். அறைகளின் அளவு, ஸ்டேஷனுக்கு எத்தனை நிமிடம் என்பதெல்லாம் விளம்பரத்திலேயே இருக்கும். சுவரைப் பற்றி எந்த விளம்பரமும் பேசாது.

முதலில் பேட்டைக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிடுகிறேன். ட்ரான்ஸ்வாலும் பக்கத்து ஸ்கில்டர்ஸ்வைக்கும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் ஹாக்ஸ மார்க்ட் என்ற திறந்தவெளிச் சந்தை இருக்கிறது. 1938 முதல் அதே இடம். திங்கள், புதன், வெள்ளி, சனி நான்கு நாளும் கூடும். தென்னமெரிக்காவில் டச்சுக் காலனியாக இருந்த சுரிநாமிலிருந்து வந்த இந்திய வம்சாவளியினர் இந்த ஊரில் மிக அதிகம். 1873 முதல் கப்பல் ஏறி வட இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகச் சுரிநாம் போனவர்களின் வாரிசுகள் இவர்கள். சுரிநாம் 1975-இல் விடுதலை பெற்ற காலத்தை ஒட்டிப் பெருமளவில் நெதர்லாந்துக்கு வந்தார்கள். அதனால் சந்தையில் பாகற்காய்க்கு 'சொப்ரொப்போ' என்றும், நீளக் காராமணிக்கு 'கௌசபாண்ட்' என்றும் கேட்டு வாங்க வேண்டும். சேப்பங்கிழங்கு இலையைப் போன்ற ஒரு கீரை இலை, வெண்டைக்காய், பச்சை வாழை எல்லாம் குவியல் குவியலாகக் கிடக்கும். மாலை ஐந்து மணி நெருங்கும்போது கிண்ணம் கிண்ணமாகத் தள்ளிவிடுவார்கள். பவுல் க்ருகர்லானில் நடந்தால் புடவைக் கடை, நகைக்கடை, ரொட்டிக் கடை, துருக்கி பேக்கரி, மொராக்கோ இறைச்சிக் கடை வரிசையாக வரும். காய்கறிக்காக டிராம் ஏறி ஊர் சுற்ற வேண்டிய வேலையே இல்லை. இந்த ஒரு விஷயத்தில் நெதர்லாந்தின் எந்தப் பணக்காரப் பேட்டையும் இதன் கிட்டே வராது.

இனி வீட்டுக்கு வருகிறேன். ட்ரான்ஸ்வாலின் பழைய வீடுகள் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்தவை. தெருப்பெயர்களே அதைச் சொல்லும். அந்த நூற்றாண்டு பிறந்த சமயத்தில் தென்னாப்பிரிக்காவில் டச்சு வம்சாவளியினர் பிரிட்டனோடு நடத்திய போயர் போரின் தளபதிகளும் தென்னாப்பிரிக்க ஊர்களுமாக இருக்கும். 'ஹாக்ஸ போர்ட்டீக்' என்பது இந்த ஊருக்கே உரிய அமைப்பு. தெருவிலிருந்து கதவில்லாத ஒரு கல் படிக்கட்டு நேராக முதல் மாடித் திண்ணைக்கு ஏறும். அங்கே வரிசையாக நாலைந்து வாசற்கதவுகள் இருக்கும். அவற்றில் சில இரண்டாம் மாடி வீட்டுக்கு உள்படிக்கட்டோடு திறக்கும். பார்க்க அழகு. மழையும் காற்றும் திண்ணைவரை வரும் என்பதால், திண்ணையை ஒட்டிய அறைச்சுவரும் வெளிச்சுவர்தான். வீடு பார்க்கப் போகிறவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதில்லை.

அந்தக் காலச் சுவர் பெரும்பாலும் ஒரு செங்கல் நீளத்துக்கு, ஏறத்தாழ 22 சென்டிமீட்டர் கனத்துக்குக் கட்டிய ஒற்றைச் சுவர். இடையில் காற்றிடைவெளி விட்டு இரட்டைச் சுவர் எழுப்பும் வழக்கம் 1920-களில்தான் பரவியது. இடைவெளி இருந்தால் துளை போட்டு உள்ளே பஞ்சை நிரப்பிக் குளிரைத் தடுக்கலாம். ஒற்றைச் சுவரில் நிரப்ப இடமே இல்லை. உள்பக்கமோ வெளிப்பக்கமோ தனியாக ஒரு உறை போட வேண்டும். அது செலவு பிடிக்கும் வேலை என்பதால் வீட்டுக்காரர்கள் ஜன்னலோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

என் கோபம் முழுவதும் அங்கேதான். ஜன்னல் கண்ணாடி மட்டும் மாறினால் என்ன ஆகும் என்பதைக் கணக்கோடு சொல்கிறேன். வெளியே 2 டிகிரி, உள்ளே 20 டிகிரி என்று வையுங்கள். பழைய ஒற்றைக் கண்ணாடியின் உள்முகம் 7 டிகிரி அளவில் இருக்கும். ஒற்றைச் செங்கல் சுவரின் உள்முகம் சுமார் 15. புதிய 'ஹா எர் ப்ளஸ் ப்ளஸ்' இரட்டைக் கண்ணாடியின் உள்முகம் 17. வீட்டில் எது மிகக் குளிர்ந்ததோ அதில்தான் ஈரம் போய் உட்காரும். பழைய கண்ணாடி இருந்தவரை ஈரமெல்லாம் அதில் வழிந்தது. காலையில் துணியால் துடைத்துப் பிழிந்தால் தீர்ந்தது. சட்டத்தின் இடுக்குகள் வழியாகக் காற்றும் ஓயாமல் போய் வந்துகொண்டிருந்தது. கண்ணாடியை மாற்றும்போது இடுக்கையும் ரப்பரால் அடைத்துவிடுகிறார்கள். இப்போது வீட்டிலேயே குளிர்ந்த இடம் சுவர்தான். ஈரம் வெளியேறவும் வழியில்லை.

20 டிகிரி அறையில் ஈரப்பதம் 60 சதவீதம் என்றால் 12 டிகிரியில்தான் நீர்த்துளி கட்டும். ஆனால் பூஞ்சணத்துக்குத் துளி வேண்டியதில்லை. சுவரை ஒட்டிய காற்றில் ஈரப்பதம் 80 சதவீதத்தை எட்டி நாள்கணக்கில் நின்றாலே முளைத்துவிடும். அதற்குச் சுவர் 15 டிகிரியில் இருந்தால் போதும். பீரோவைச் சுவரோடு ஒட்டிப் போட்டால் பின்னால் வெப்பம் போகாமல் அந்த இடம் இன்னும் குளிரும். அதனால்தான் தொட்டால் காய்ந்திருக்கிற சுவரில், பீரோவை நகர்த்திய அன்று கரும்புள்ளி தெரிகிறது.

இதைச் சொன்னால் வீட்டு நிர்வாகத்திடமிருந்து வரும் பதில் ஒன்றே ஒன்று: "நன்றாகக் காற்றோட்டம் விடுங்கள்." நான்கு ஆண்டில் எத்தனை தடவை! டச்சுக்காரர்கள் இதில் இரண்டு சொல் வைத்திருக்கிறார்கள். 'ஃபென்டிலேரன்' என்றால் 24 மணி நேரமும் சன்னமாகக் காற்று போய்வருவது. 'லுக்டன்' என்றால் எதிரெதிர் ஜன்னல்களைக் கால்மணி நேரம் விரியத் திறந்து வைப்பது. இரண்டாவது குடியிருப்பவர் கையில். முதலாவதற்கு ஜன்னல் சட்டத்தின் மேல் 'ரோஸ்டர்' என்ற, தள்ளித் திறந்து மூடும் காற்றுத் துவாரம் வேண்டும், அல்லது காற்றை இழுக்கும் குழாய் வேண்டும். அதை வைப்பது வீட்டுக்காரர் பொறுப்பு. கட்டட விதி கேட்கும் அளவு சமையலறைக்கு நொடிக்கு 21 லிட்டர், குளியலறைக்கு 14, கழிப்பறைக்கு 7. ரோஸ்டர் இல்லாமல் கண்ணாடியை மூடிவிட்டு, காற்றோட்டம் விடவில்லை என்று குடியிருப்பவரைக் குற்றம் சொல்வது நியாயமே இல்லை.

நம் வீட்டுப் பங்கையும் மறைக்கக் கூடாது. நாலு பேர் குடியிருக்கும் வீட்டில் மூச்சு, குளியல், சமையல், துணி எல்லாம் சேர்ந்து நாளுக்குப் பத்து லிட்டர் அளவுக்கு ஈரம் காற்றில் கலக்கும் என்பது இங்கே வழக்கமாகச் சொல்லும் கணக்கு. இட்லிக் கொப்பரையும் சாம்பாரும் கொதிக்கும் வீடு அதில் குறைந்திருக்காது. ஒரு மெஷின் துணியை அறைக்குள் உலர்த்தினால் இரண்டு லிட்டர் வரை அறைக்கே போகும். அடுப்புக்கு மேல் இருக்கும் புகைபோக்கியை நம்பவும் முடியாது. இந்த வீடுகள் பலவற்றில் கரி வடிகட்டி போட்ட சுழற்சி வகை. தாளிப்பு வாசனையை உறிஞ்சிவிட்டு நீராவியை அப்படியே அறைக்குள் திருப்பி விடும். மேலே குழாய் சுவரைத் துளைத்து வெளியே போகிறதா என்று அலமாரிக் கதவைத் திறந்து பாருங்கள். இன்னொரு தவறு, கூடத்தை மட்டும் சூடாக்கிவிட்டுப் படுக்கையறைக் கதவைத் திறந்து வைப்பது. சூடான ஈரக்காற்று குளிர்ந்த அறைக்குள் போய் அங்கே சுவரில் படியும். கதவைச் சாத்துங்கள், அல்லது அந்த அறையையும் 16, 17 டிகிரிக்குக் குறையாமல் வையுங்கள். பீரோவைச் சுவரிலிருந்து பத்து சென்டிமீட்டர் தள்ளி, முடிந்தால் உட்சுவர்ப் பக்கம் போடுங்கள்.

பழுது பார்த்த வரிசை இதுதான். முதலில் வந்தவர் மருந்து தெளித்துப் பூஞ்சணத் தடுப்புப் பெயின்ட் அடித்தார். ஒரே குளிர்காலத்தில் பெயின்ட்டுக்கு மேலேயே திரும்ப வந்தது. சுவர் அதே குளிர்ச்சியில் இருந்தால் பெயின்ட் என்ன செய்யும்? பிறகு கண்ணாடி மாறியது, ஓதம் மூலைக்கு ஏறியது. மூன்றாவதாகத்தான் சட்டத்தில் ரோஸ்டரும், ஈரம் கூடினால் தானே வேகம் எடுக்கும் விசிறியும் வந்தன. இப்போது படுக்கையறையில் காலை ஏழு மணிக்கு 54 சதவீதம் காட்டுகிறது. முன்பு அதே மணிக்கு 70-க்குக் கீழே இறங்காது. நியாயமாகச் சொன்னால் வேலை சுத்தம், வந்த ஆட்களும் நல்லவர்கள். ஆனால் முதல் குளிர்காலத்திலேயே செய்திருக்க வேண்டிய வேலை இது.

அந்த மூன்றாவது கட்டத்துக்கு வந்து சேர்ந்தது கடிதத்தால்தான், தொலைபேசியால் அல்ல. பத்து யூரோ விலையில் ஈரப்பதமானி இரண்டு வாங்கி, காலையும் இரவும் எண்ணைக் குறித்து வையுங்கள். கரும்புள்ளியை அடிஸ்கேல் வைத்துத் தேதியோடு படம் எடுங்கள். ஒவ்வொரு குறையையும் தனித்தனி எண்ணிட்டு எழுத்தில் அனுப்புங்கள். ஆறு வாரம் கழிந்தும் சரிசெய்யாவிட்டால், சட்ட வரம்புக்குள் வரும் வாடகை என்றால், 'ஹ்யூர்கமிஸி' என்ற வாடகைத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். கட்டணம் 25 யூரோ. உங்கள் பக்கம் தீர்ப்பானால் அது திரும்பிவிடும். அவர்கள் அனுப்பும் ஆய்வாளர் காரணம் கட்டடத்திலா, குடியிருப்பவரின் பழக்கத்திலா என்று பார்ப்பார். ஈரப்பதக் குறிப்பு அங்கேதான் கைகொடுக்கும். குறை பெரிது என்று முடிவானால், சரிசெய்யும்வரை வாடகையை 40 சதவீதத்துக்கும், மோசத்தைப் பொறுத்து 30, 20 சதவீதத்துக்கும் இறக்குவார்கள். அதுவரை வாடகையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். நிறுத்தினால் வழக்கு உங்கள் மேல் திரும்பும்.

வாடகைத் தொகையையும் கேள்வி கேட்கலாம். அறையளவு, வசதி, எரிசக்தித் தரம் எல்லாவற்றுக்கும் புள்ளி உண்டு; வாடகையின் உச்சத்தை அந்தப் புள்ளிகள்தான் தீர்மானிக்கும். 1 ஜூலை 2024-க்குப் பிறகான ஒப்பந்தத்தில் 143 புள்ளிவரை உள்ள வீட்டுக்கு வெறும் வாடகை (மின்சாரம், சேவைக் கட்டணம் சேராதது) 2025-இல் 900.07 யூரோவுக்கு மேல் கேட்க முடியாது என்றிருந்தது. எரிசக்தித் தரம் 'ஈ' என்றால் 4 புள்ளியும், 'எஃப்' என்றால் 9-உம், 'ஜி' என்றால் 15-உம் கழியும். ட்ரான்ஸ்வாலின் பழைய வீடுகளுக்கு இது பெரிய விஷயம். கண்ணாடி மாறித் தரம் ஏறினால் புள்ளியும் ஏறும் என்பதை மறக்காதீர்கள். முன்பணம் இரண்டு மாத வெறும் வாடகைக்கு மேல் கூடாது. நகராட்சியில் முகவரிப் பதிவு செய்யக் கூடாது என்று சொல்லும் வீட்டை வாசலிலேயே விட்டுவிடுங்கள்.

மற்றவை சுருக்கமாக. 'கால்' (kaal, மொட்டை) என்று விளம்பரத்தில் போட்டிருந்தால் தரைவிரிப்பு, திரை, சில வீட்டில் விளக்குகூட இல்லாமல்தான் சாவி வரும். மரச்சட்டத் தளம் என்பதால் மாடியில் நடப்பது கீழே கேட்கும்; லேமினேட் போடுவதானால் 10 டெசிபல் தடுக்கும் அடிவிரிப்பு வாங்குங்கள். உள்படிக்கட்டில் பெரிய பீரோ ஏறாது, ஜன்னல் வழியே ஏற்ற வெளிலிஃப்ட்டை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்க வேண்டும். குப்பைப் பையை நிலத்தடித் தொட்டிக்கு வெளியே வைத்தால் கடற்பறவைகள் கிழித்துப் போடும், அபராதமும் வரும். குப்பை வரியும் தண்ணீர் வாரிய வரியும் குடியிருப்பவர் தலையில்தான்.

நண்பருக்கு என் பதில்: அந்த வீட்டை எடுக்காதீர்கள். பேட்டையைக் கண்ணை மூடிக்கொண்டு எடுங்கள், வீட்டை மட்டும் வேறாகப் பாருங்கள். ட்ரான்ஸ்வாலில் பல பழைய வரிசைகளை இடித்து 2000-க்குப் பிறகு எழுப்பிய வீடுகள் இருக்கின்றன. ஸ்கில்டர்ஸ்வைக்கில் 1980-களின் புனரமைப்பில் வந்தவை ஏராளம். போர்த்துக்கீசியக் கட்டடக் கலைஞர் ஆல்வாரோ சீசா அங்கே குடியிருப்பவர்களோடு கலந்து பேசி, பழைய போர்ட்டீக் படிக்கட்டையும் வைத்து, உள்ளே விருந்தினர் பகுதியையும் குடும்பப் பகுதியையும் பிரிக்க இழுவைக் கதவும் கொடுத்துக் கட்டினார். அந்த மாதிரி வீடுகள் பெரும்பாலும் வீட்டுவசதிச் சங்கங்களின் கையில் இருப்பதால் 'வூன்நெட் ஹாக்லாண்டன்' தளத்தில் இன்றே பெயர் பதியுங்கள். காத்திருப்பு வருடக்கணக்கில் ஓடும், பதிந்த நாளிலிருந்துதான் எண்ணுவார்கள்.

பழைய வீடேதான் கிடைக்கிறது என்றால் மழை நாளில், காலை பத்து மணிக்குள் பார்க்கப் போங்கள். திண்ணையை ஒட்டிய அறையின் மூலையில் கீழிருந்து முழங்கால் உயரம்வரை மட்டும் புதுப் பெயின்ட் இருக்கிறதா என்று பாருங்கள். ஜன்னல் சட்டத்தின் மேல் ரோஸ்டர் இருந்தால் அது நகர்கிறதா என்று தள்ளிப் பாருங்கள். குளியலறை விசிறியின் வாயில் ஒரு டிஷ்யூ தாளை வைத்துக் கையை எடுங்கள். தாள் நிற்காமல் விழுந்தால் கையெழுத்துப் போடாமல் கிளம்பிவிடுங்கள்.