மும்பையின் இருவேளைக் குளியலும் தில்லியின் குளிர்காலக் குளியலும்

மும்பையின் மாட்டுங்காவில் இருந்தவரை காலையில் ஒன்று, அலுவலகம் விட்டு வந்ததும் ஒன்று என்னும் கணக்கை எங்கள் வீட்டில் எவரும் கேள்வி கேட்டதில்லை. கடற்காற்றில் ஈரப்பதம் மிகுந்திருப்பதால் வியர்வை உலராமல் தோலிலேயே பிசுபிசுத்து நிற்கும், லோக்கல் ரயில் நெரிசலில் நின்று வந்தவர் குளிக்காமல் சாப்பிட உட்கார முடியாது.

பிறகு குடிவந்த தில்லியின் கோடை வேறு வகை. 45 டிகிரியைத் தொடும் வறண்ட வெயிலில் வியர்வை உடனுக்குடன் ஆவியாகி, சட்டை முதுகில் வெள்ளை உப்புக்கோடு மட்டும் தங்குகிறது. மாலையில் குளிக்கலாமென்றால் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் கையைச் சுடும்.

சனவரியிலோ, வெப்பநிலை 5 டிகிரிக்கும் கீழே இறங்கும் விடியலில், ஹீட்டர் ராடு போட்ட வாளியில் ஆவி பறக்கும்வரை ரஜாய் என்னும் பஞ்சு மெத்தைப் போர்வைக்குள் காத்திருக்கும், தில்லி மயூர் விகார் பகுதி மாமாக்கள் சிலர் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் குளிக்கிறார்கள். மும்பையிலேயே இருந்துவிட்ட என் அத்தை இதைச் சோம்பல் என்பார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வறண்ட குளிரில் நெடுநேரம் வெந்நீர் ஊற்றிக்கொண்டால் தோலின் இயல்பான எண்ணெய்ப்பசை போய், கெண்டைக்காலில் வெள்ளை வெள்ளையாகச் செதில் உரிந்து அரிக்கும் என்பதை முதல் குளிர்காலத்திலேயே கண்டுகொண்டேன். இடைப்பட்ட நாளில் முகமும் அக்குளும் காலும் கழுவினால் போதும். சனிக்கிழமை நல்லெண்ணெய்க் குளியலை மட்டும் அந்த மாமாக்களும் விடுவதில்லை.