மூன்று வருடமாக மூச்சை எண்ணுகிறேன்

மாதா மாதம் ஜிஎஸ்டி வரிக் கணக்குத் தாக்கலுக்குக் கடைசி நாட்கள்: 11ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1 படிவம், 20ஆம் தேதி 3பி படிவம். கணக்கு வேலையில் இருப்பவர்களுக்கு அந்த நாட்கள் எப்படிப் போகும் என்று தெரியும். ஒரு கட்டத்தில் எனக்கு நெஞ்சு இறுக ஆரம்பித்தது. ராத்திரி மூன்று மணிக்கே விழிப்பு. ஈசிஜி சரியாகத்தான் இருந்தது. "டென்ஷன்தான், முதல்ல தூங்கப் பாருங்க" என்றார் டாக்டர். அப்படித்தான் தியானத்துக்கு வந்தேன்.

கண்ணை மூடினால் மனம் அடங்கிவிடும் என்று நம்பி உட்கார்ந்தேன். பாக்கியிருந்த பில்கள்தான் வரிசையாக வந்து நின்றன. அடக்கப் பார்த்ததில் தலைவலிதான் மிச்சம். அப்புறம் எளிய முறைக்கு மாறினேன். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, மூச்சு வெளியே போகும்போதெல்லாம் ஒன்று, இரண்டு என்று பத்து வரை எண்ணுவது. தவறினால் மறுபடி ஒன்று. தினமும் பத்து நிமிடம். மனம் ஓடியதைக் கவனித்துத் திரும்பி வருவதுதான் பயிற்சியே என்பது புரிய ஆறு வாரம் ஆனது. புதிதாக ஆரம்பிப்பவர்கள் இதை முதல் நாளே தெரிந்துகொள்ள வேண்டும். நான் தோற்றுவிட்டதாக நினைத்து இரண்டு முறை விட்டேன்.

முதலில் சரியானது தூக்கம், இரண்டு மாதத்துக்குள். நெஞ்சு இறுக்கம் முழுதாகப் போகவில்லை. ஆனால் கடைசி நேரத்தில் பில் கட்டு வந்து விழும்போது தோள் தூக்கிக்கொள்வது இப்போது எனக்கே தெரிகிறது. மூச்சை நீளமாக வெளியே விடுவேன். மூச்சு வெளியேறும்போது இதயத்துடிப்பு சற்றுத் தணிவது உடம்பின் இயல்பு.

இரண்டாம் வருடம் சென்னை அருகே திருமுடிவாக்கத்தில் உள்ள தம்ம சேது மையத்துக்கு, பத்து நாள் விபாசனா தியான முகாமுக்குப் போனேன். கட்டணம் கிடையாது, விரும்பினால் நன்கொடை. அதிகாலை நான்கு மணிக்கு மணி அடிப்பார்கள், பேச்சு கிடையாது, முதல் மூன்று நாள் மூச்சைக் கவனிப்பது மட்டும். நான்காம் நாள் அப்பா இறந்த துக்கம் பொங்கிவந்து அழுதுவிட்டேன். எனக்கு அது நல்லதாகவே முடிந்தது. புதியவர்களும் அங்கே வருகிறார்கள். இருந்தாலும் வீட்டில் சில மாதம் பழகிவிட்டுப் போவதே மேல் என்பேன். கடும் பதற்றமோ மனச்சோர்வோ இருந்தால் முதலில் மருத்துவரிடம் கேளுங்கள்.

போன மார்ச்சில் மூன்று வாரம் விட்டுப்போனது, தூக்கமும் கெட்டது. தினமும் ஐந்து நிமிடம் என்று திரும்பத் தொடங்கினேன். இப்போது காலையில் பால் பாக்கெட் எடுத்து வைத்துவிட்டு, காபிக்கு முன்னால் உட்காருகிறேன். போனை அடுத்த அறையில் வைத்துவிடுவேன்.